இறந்தாலும் ஆயிரம் பொன்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பெரியோர் வாக்கு. இந்தப் பழமொழி கணிப்பொறிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே எங்கள் கைவேலைக் குழு இந்த ஆண்டு கற்ற பாடம். எப்படிக் கற்றோம், எங்கே தவறினோம், எங்கே திருந்தினோம் என்பதை நம் பள்ளித் தோழியருக்கும் அருட்சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்கள் பாட்டிமார் காலத்தில், "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு வண்டிக்காரர் தெருவில் வருவாராம். ஓட்டை வாளியும் காதறுந்த கடாயும் ஒரு நொடியில் பேரீச்சம்பழமாகிவிடும். பழைய துணிமணிகள் எவர்சில்வர் பாத்திரமாகும். கிழிந்த சேலை தொட்டிலாகும். தொட்டில் கிழிந்தால் கரித்துணியாகும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பதை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை, அப்படியே வாழ்ந்தார்கள்.

இன்று நம் வீட்டுப் பரணைப் பாருங்கள். உடைந்த விசைப்பலகை, ஓடாத மடிக்கணினி, சுற்றிச் சுருண்ட கம்பிகள், யாரும் கேட்காத குறுந்தகடுகள். வேண்டும் என்று வைத்திருக்கவும் இல்லை. வேண்டாம் என்று எறியவும் மனம் வரவில்லை. நம் வேங்கிக்காலிலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகமே இருக்கிறது. அலுவலகங்களும் வீடுகளும் பெருகப் பெருக, இந்தப் பரண் சரக்கும் பெருகத்தான் செய்யும்.

தொடங்கிய கதை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பண்டக அறையைத் துப்புரவு செய்யும் பணி எங்களுக்கு வந்தது. மூலையில் ஆறு பழைய கணிப்பொறிகள் தூசி படிந்து கிடந்தன. "இவற்றை எடைக்குப் போட்டுவிடலாமா, சிஸ்டர்?" என்று கேட்டோம். சகோதரி சற்று யோசித்து, "போடலாம். ஆனால் அதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டாமா?" என்றார்கள். அந்த ஒரு கேள்விதான் எங்கள் முழு ஆண்டையும் பிடித்துக்கொண்டது.

முதலில் கணிப்பொறி ஆசிரியை ஒவ்வொன்றையும் சோதித்தார். ஒன்றின் நினைவகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, தூசியை ஊதித் துடைத்ததில், ஆறில் ஒன்று உயிர் பெற்றது! அது இப்போது நூலகத்தில் புத்தகப் பட்டியல் போடுகிறது. ஆகவே எங்கள் முதல் பாடம் இது: பழுது பார்க்க முடிந்ததை அலங்காரப் பொருளாக்கக் கூடாது. ஓடுகின்ற பொருளை உடைத்துப் பூங்கொத்து செய்வது, கறவை மாட்டை விற்றுக் கழுத்து மணி வாங்குவதற்குச் சமம்.

தொடக்கூடாதவை

கைவேலைக்கு முன் எச்சரிக்கை. இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குத் தாவிவிடாதீர்கள்.

பழைய பெட்டி வடிவத் திரைகளின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் அவற்றுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். மின்சாரம் பிரித்துத் தரும் உலோகப் பெட்டிக்குள் உள்ள மின்தேக்கிகளும் அப்படியே. இவ்விரண்டையும் மாணவியர் திறக்கவே கூடாது. பழைய தட்டைத் திரைகள் சிலவற்றில், வெளிச்சத்துக்காக வைத்த மெல்லிய குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு. அவற்றையும் விட்டுவிட வேண்டும்.

மடிக்கணினியின் மின்கலம் லித்தியம் வகை. குத்தினாலும் வளைத்தாலும் தீப்பற்றும். உப்பிப்போன மின்கலத்தை உடனே பெரியவர்களிடம் காட்டுங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவப் பொத்தான் மின்கலத்தைக் கழற்றி, சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழல் வெந்துவிடும், உயிருக்கே ஆபத்து.

பச்சை நிறச் சுற்றுப்பலகைகளை ரம்பத்தால் அறுக்காதீர்கள். அவை கண்ணாடி இழையால் ஆனவை. அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. பழைய பலகைகளைப் பற்றவைத்த பற்றாசில் ஈயமும் இருக்கும். ஆகவே முழுப் பலகையாகவே பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இவற்றால் செய்த எதையும் உணவுப் பண்டம் வைக்கவோ, தவழும் குழந்தைக்கு விளையாட்டுச் சாமானாகவோ தரக்கூடாது.

செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்துவதைச் சில இடங்களில் கண்டிருப்பீர்கள். அந்தக் கரும்புகையில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. செம்பு கிலோவுக்கு விலை போகும். நுரையீரலுக்கு விலை ஏது?

நாங்கள் செய்த நான்கு பொருள்கள்

முதலாவது, பெயர்ப் பலகை. மேசைக் கணிப்பொறியின் வழக்கமான விசைப்பலகையில் 104 விசைகள் உள்ளன. இரண்டு கொண்டை ஊசிகளை வளைத்து, விசையின் இருபுறமும் செருகித் தூக்கினால் 'டக்' என்று கழன்று வரும். பூந்திக்கொட்டை ஊறிய நீரில் ஓர் இரவு போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பல்லாண்டு அழுக்கும் போய்விடும்.

ஆனால் ஒரு சங்கடம் வந்தது. விசைகளில் எல்லாம் ஆங்கில எழுத்துகள். எங்கள் வீடுகளுக்கோ தமிழ்ப் பெயர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி 'தமிழ் 99' விசைப்பலகை அமைப்பைத் தமிழக அரசு ஏற்றதை ஆசிரியை அப்போது விளக்கினார். நம் எழுத்துகள் 247. அவற்றுக்கெல்லாம் தனித்தனி விசை வைத்தால் பலகை பாய் போல நீளும். ஆகவே உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்வரிசை வலக்கைக்குமாகப் பங்கிடப்பட்டன. இரண்டும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும். இதைக் கேட்ட பின் நாங்கள் விசைகளின் மேல் எனாமல் பெயின்ட் பூசி, மெல்லிய தூரிகையால் தமிழ் எழுத்துகளை எழுதினோம். 'அன்பகம்' என்ற பெயருக்கு ஐந்து விசைகள் போதும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கில் நிற்காது. ரப்பர் பசைதான் பிடிக்கும். இது இரண்டு பலகைகள் உதிர்ந்த பின் கிடைத்த ஞானம்!

இரண்டாவது, சுவர்க் கடிகாரம். மேசைக் கணிப்பொறியின் வன்தட்டுப் பெட்டியை மூடியிருக்கும் திருகுகள் நட்சத்திரத் தலை கொண்டவை. அதற்கேற்ற திருப்புளி மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். எல்லாத் திருகையும் கழற்றியும் மூடி வரவில்லையென்றால் கலங்க வேண்டாம். ஒரு திருகு பெயர்ச்சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். உள்ளே இருக்கும் வட்டத் தட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தோற்கடிக்கும். அதன் குறுக்களவு 95 மில்லிமீட்டர், நடுத் துளை 25 மில்லிமீட்டர். விரல் பட்டால் கறை படியும். மெல்லிய துணியால் பிடியுங்கள்.

தச்சரிடம் கொடுத்து, 25 சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமான பிளைவுட் பலகை வெட்டி, நடுவில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு வாங்கினோம். நடுவில் வன்தட்டை ஒட்டினோம். அதன் துளை பெரிது என்பதால் ஓர் அகலமான வாஷரால் மூடி, அதன் வழியே கடிகார இயந்திரத்தின் தண்டை நுழைத்தோம். மணி எண்களுக்கு என்ன செய்வது? விசைப்பலகையின் மேல்வரிசையில் எஃப் 1 முதல் எஃப் 12 வரை சரியாகப் பன்னிரண்டு விசைகள் இருக்கின்றனவே! கடிகாரத்துக்காகவே பிறந்தவை போல அவை வட்டத்தில் அமர்ந்தன.

மூன்றாவது, கம்பிப் பூக்கள். ஒயர் கூடை பின்னாத வீடு நம் பக்கத்தில் உண்டா? நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண் முடிச்சும் எங்கள் அம்மாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். கணிப்பொறிகளை இணைக்கும் வலைக்கம்பியின் மேலுறையைக் கீறினால் எட்டுச் சிறு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகளாக வரும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை கலந்த இணை. சாயம் போடாமலே எட்டு வண்ணம்!

சுவருக்குள் பதித்த கம்பியில் ஒற்றைச் செம்பு இழை இருப்பதால் வளைத்த வளைவு அப்படியே நிற்கும். மேசையருகே செருகும் நெகிழ்ந்த கம்பியில் பல நுண்ணிழைகள். அது நிற்காது, துவண்டுவிடும். ஆகவே முதல் வகையையே தேர்ந்தெடுங்கள். பென்சிலில் சுற்றி எடுத்தால் கொடிச்சுருள். ஐந்து வளையம் மடக்கினால் இதழ்கள். வெட்டிய நுனிகள் குத்தும். உள்நோக்கி மடித்துவிட வேண்டும். முதலில் எங்கள் பூக்கள் பூச்சிகளைப் போல இருந்தன. ஒரு தோழியின் தாயார் வந்து, கூடைப் பின்னலின் பழக்கத்தில் இழுத்து முறுக்கிக் காட்டிய பிறகுதான் மல்லிகை மல்லிகையாயிற்று.

நான்காவது, கிறிஸ்துமஸ் குடில். தாய்ப்பலகையை மேலிருந்து பார்த்தால் ஒரு நகரத்தையே பார்ப்பது போலிருக்கும். நீண்ட செருகிகள் தெருக்கள். கறுப்புச் சில்லுகள் மாடி வீடுகள். உருண்டை மின்தேக்கிகள் தண்ணீர்த் தொட்டிகள். பொத்தான் மின்கலத்தை நீக்கி, பலகையை வெட்டாமல் அட்டையில் பொருத்தி, பின்னால் சிறு விளக்குச் சரம் வைத்தோம். நெருக்கடியான அந்த நகரம் பெத்லகேம். அதன் ஓரத்தில், வைக்கோலும் களிமண்ணும் கொண்டு வழக்கம் போல் தொழுவம் அமைத்தோம். இத்தனை வீடுகள் இருந்தும் இடமில்லை என்று சொன்ன ஊர் அல்லவா? அந்த எண்ணம் பார்த்தவர்களுக்குத் தானாகவே தோன்றியது.

சூடு தணிக்கும் அலுமினியக் கட்டியையும் வீணாக்கவில்லை. ஒட்டியிருக்கும் வெள்ளைப் பசையைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டால், கார்த்திகை தீபத்தன்று அகல் வைக்க நல்ல தாங்கி. குறுந்தகட்டின் மேல் மட்டும் விளக்கு வைக்காதீர்கள். அது பிளாஸ்டிக், உருகிவிடும்.

எங்கள் தவறு

ஒரு நாள் அவசரப்பட்டோம். மடிக்கணினியின் சிறிய வன்தட்டையும் பெரியதைப் போலவே உலோகம் என்று எண்ணி, வளைத்துப் பூவிதழ் செய்யப் பார்த்தோம். அது 'பட்' என்று நூறு துண்டாகச் சிதறியது! மேசைக் கணிப்பொறியின் தட்டு பெரும்பாலும் அலுமினியம். மடிக்கணினியின் தட்டோ பெரும்பாலும் கண்ணாடி. இரண்டும் ஒரே போலப் பளபளக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் ஒரு தோழியின் விரலில் சிறு கீறலோடு தப்பினோம். "பளபளப்பைப் பார்த்து எதையும் நம்பாதீர்கள்" என்றார்கள் சகோதரி. வன்தட்டுக்கு மட்டும் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு துண்டில் சுற்றிய மடிக்கணினி

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதனால் கணிப்பொறியைக் கண்ணால் கண்டிராத எத்தனையோ வீடுகளுக்குள் அது நுழைந்தது. அப்படி ஒன்று எங்கள் தோழி ஒருத்தியின் அக்காவுக்கும் கிடைத்தது. அக்கா அதை வைத்தே படித்து, அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆனார். பின்னர் அது நின்றுபோயிற்று.

நாங்கள் அதைக் கேட்டுப் போனபோது, தோழியின் தாயார் பீரோவைத் திறந்து, பூத்துவாலையில் சுற்றிய அதை எடுத்துக் காட்டினார். கொடுக்க மட்டும் மனமில்லை. "கண்ணுங்களா, இது ஓடலேன்னு எனக்கும் தெரியும். எம்பொண்ணு படிச்சதுக்கு இதான் சாட்சி. இதைப் போயி உடைக்கிறதா?" என்றார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. எது குப்பை, எது நினைவு என்பதை வெளியாள் எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டு வாரம் கழித்து அவரே எடுத்து வந்தார். மின்கலம் உப்பி மூடியைத் தூக்கியிருந்தது. அதைக் கண்டு பயந்துவிட்டார். ஆசிரியை மின்கலத்தைப் பத்திரமாகப் பிரித்து, மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்தார். நாங்கள் வன்தட்டைக் கடிகாரமாக்கத் திருப்புளியை எடுத்தோம். "பொறுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்றார் ஆசிரியை. ஜூன் மாதத்துக் கேள்வியேதான்! வேறு கணிப்பொறியுடன் இணைத்துப் பார்த்தால், இயந்திரம்தான் இறந்திருந்தது. தட்டு நலமாக இருந்தது. கல்லூரிப் பாடக் குறிப்புகளுக்கு நடுவே, திண்ணையில் அமர்ந்து சிரிக்கும் ஒரு மூதாட்டியின் படம். காலமான ஆயா. அந்த வீட்டில் ஆயாவின் படம் வேறு ஒன்றும் இல்லையாம். தாயார் திரையைத் தொட்டுப் பார்த்தார், பேச்சு வரவில்லை. நாங்கள் திருப்புளியை மெல்லக் கீழே வைத்தோம்.

அந்தத் தட்டை நாங்கள் திறக்கவில்லை. படத்தை அச்சிட்டு, அதே மடிக்கணினியின் விசைகளைச் சுற்றிலும் ஒட்டிச் சட்டம் அமைத்துக் கொடுத்தோம். ஆயாவின் சிரிப்பும் அக்காவின் படிப்பும் இப்போது ஒரே சுவரில் இருக்கின்றன. கண்காட்சியில் வைத்த கடிகாரங்களைவிட, கண்காட்சிக்கு வராத அந்தச் சட்டமே எங்கள் சிறந்த வேலை.

ஆகவே தோழியரே, எந்தச் சாதனத்தையும் பிரிக்கும் முன் உள்ளிருப்பதைப் பிரதி எடுத்து, உரியவரிடம் கேட்டு, பிறகு தொடுங்கள்.

உலகம் செய்வது

நாங்கள் செய்தது புதுமை அன்று. சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற ஓவியர் ஹரிபாபு நடேசன், கழித்துப் போட்ட இயந்திரப் பகுதிகளைக் கொண்டு சிற்பங்கள் அமைத்துப் பெயர் பெற்றவர். பெங்களூரைச் சேர்ந்த விஸ்வநாத் மல்லாபாடி, விசைகளையும் சுற்றுப்பலகைகளையும் கொண்டு உருவங்களும் அணிகலன்களும் படைக்கிறார். 1976இல் திறக்கப்பட்ட சண்டிகர் பாறைத் தோட்டத்தை நேக் சந்த் உடைந்த வளையல்களாலும் பீங்கான் துண்டுகளாலுமே உருவாக்கினார்.

பழமொழியில் வரும் பொன்னும் கதையல்ல. நினைவகப் பலகையின் ஓரத்தில் மஞ்சளாய் மின்னும் பற்கள் மெல்லிய தங்கப் பூச்சுக் கொண்டவை. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானிய மக்கள் 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை பழைய கைப்பேசிகளையும் கணிப்பொறிகளையும் சிறு மின்சாதனங்களையும் திரட்டிக் கொடுத்தார்கள். கைப்பேசிகள் மட்டும் சுமார் 62 லட்சம். கிடைத்தது சுமார் 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம். 2021இல் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து பெற்ற தங்கமும், நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு மாற்றுத்திறனாளர் போட்டியில் உயரம் தாண்டிப் பெற்ற வெள்ளியும் அந்தப் பழைய சாதனங்களில் பிறந்தவைதாம்!

நம் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்று, பூமியின் ஆழத்தில் உழைத்தன. அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. இன்றோ தங்கம் நம் பரணில் தூங்குகிறது. ஆயினும் அமிலம் ஊற்றி அதைப் பிரிக்க முயல்வது ஆபத்து. அது முறையான ஆலைகளின் வேலை.

ஒரு துணிப்பையும் ஆறு கோணிப்பையும்

முடிவாக ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஐந்து கணிப்பொறிகளிலிருந்து அலங்காரத்துக்கு நாங்கள் எடுத்தது ஒரு துணிப்பை அளவு. மீதி ஆறு கோணிப்பை! கடிகாரமும் பூங்கொத்தும் செய்தால் மின்னணுக் கழிவு தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்னணுப் பொருள்கள் 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடே.

நம் நாட்டில் இதற்கான முதல் விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன; இப்போதுள்ள புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. அவற்றின்படி, பொருளை உற்பத்தி செய்தவர்க்கே அதன் முடிவிலும் பொறுப்பு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடமே கழிவை ஒப்படைக்க வேண்டும். எங்கள் ஆறு கோணிப்பைகளும், மணல் டப்பாவில் இருந்த அந்த மின்கலமும் அப்படியே போய்ச் சேர்ந்தன.

அப்படியானால் கைவேலை எதற்கு? பார்க்கப் பழகுவதற்கு. திறந்து பார்த்தவளுக்குத்தான் அதற்குள் எத்தனை பேருடைய உழைப்பும் எத்தனை சுரங்கங்களின் உலோகமும் இருக்கின்றன என்பது தெரிகிறது. தெரிந்தவள் எளிதில் எறிய மாட்டாள். புதியது வந்துவிட்டதே என்பதற்காக ஓடுகிற பழையதை ஒதுக்க மாட்டாள். ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பின்பும், எதுவும் வீணாகாதபடி மீதியைச் சேர்க்கச் சொன்ன ஆண்டவர், பன்னிரண்டு கூடைகள் நிறையும் வரை சேர்க்கவைத்தார் அல்லவா?

அன்புத் தோழியரே, பெற்றோரே, வரும் ஜூன் மாதம் உங்கள் பரணை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஓடுவதை ஓட்டுங்கள், பழுதானதைப் பழுது பாருங்கள், நினைவாக வைக்க வேண்டியதை வையுங்கள், மீதியைப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். ஒரு துணிப்பையும் ஆறு கோணிப்பையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.